மாரடைப்பு மருந்தை எழுதக் கை தயங்குகிறது

கேள்வி: எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வு முடித்துவிட்டேன். அடுத்த மாதம் சேலத்தில் ஹவுஸ் சர்ஜனாகச் சேரப்போகிறேன். வீடு ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில். தேர்வு முடிந்து வந்திருந்தபோது ஓர் இரவு, பக்கத்துத் தோட்டத்தில் மிளகு குத்தகை எடுத்திருக்கும் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. சட்டை முழுக்க வியர்வை. 'டாக்டர் தம்பியைக் கூப்பிடு' என்று என்னைத்தான் கூட்டிப்போனார்கள். 108-ஐ அழைக்கச் சொன்னேன். அதற்குமேல் எனக்குக் கை ஓடவில்லை. வீட்டில் ஆஸ்பிரின் அட்டை இருந்தது. கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வைத்துவிட்டேன். அரசு மருத்துவமனையில் டூட்டி டாக்டர் ஈசிஜி பார்த்த கையோடு ஒரு பிடி மாத்திரை கொடுத்துச் சேலத்துக்கு அனுப்பினார். மாமா பிழைத்துவிட்டார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை எந்த ஏற்பியில் வேலை செய்கிறது என்று கேட்டால் உடனே சொல்வேன். எத்தனை மாத்திரை என்று கேட்டால் தெரியவில்லை. என் வகுப்பில் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். நாங்கள் தயாராகவே இல்லையா? எப்படித் தயாராவது? வீட்டில் லோடிங் டோஸ் (முதலில் ஒரே தடவையாகக் கொடுக்கும் பெரிய அளவு மாத்திரைகள்) வாங்கி வைக்கலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத மாணவர், ஏற்காடு)

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

முதலில் அந்த இரவைப் பற்றிப் பேசிவிடுவோம். அது மனதில் உட்கார்ந்திருக்கும்வரை நான் சொல்கிற மற்றது எதுவும் ஏறாது. 108-ஐ உடனே அழைக்கச் சொன்னீர்களே, அன்றைக்குச் செய்ய வேண்டியதில் பெரும்பங்கு அதுதான். நெஞ்சுவலி என்றால் சோடா, ஓமத் தண்ணீர், 'வாயுப் பிடிப்பு, காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இரவைக் கடத்துகிற வீடுகள் மலையிலும் உண்டு, சேலம் டவுனிலும் உண்டு. நீங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆஸ்பிரின் கொடுத்திருக்கலாமா என்றால், கொடுத்திருக்கலாம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இரைத்ததுண்டா, ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ இருக்கிறதா, மூளையில் ரத்தம் கசிந்ததுண்டா என்று கேட்டுவிட்டு, 300 மி.கி. அளவுக்கு மென்று விழுங்கச் சொல்லியிருக்கலாம். இது மருந்துச்சீட்டு எழுதுவதில் சேராது, முதலுதவி. ஆம்புலன்ஸ் வரும்வரை பொதுமக்களே இதைச் செய்யலாம் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் முதலுதவி வழிகாட்டுதலும் சொல்கிறது. அடுத்த முறை தயங்க வேண்டாம்.

நாங்கள் தயாராக இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தம்பி. பெரும்பாலான மாணவர்கள் தேர்வு முடிக்கும் நாளில் தயாராக இருப்பதில்லை. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இப்போதைய திறன்சார் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். மாரடைப்புப் பகுதியில் ஈசிஜியை மாணவர் தானே எடுத்துப் படிக்க வேண்டும் என்கிறது. மருந்துகள் பகுதிக்கு வந்தால், எப்போது கொடுப்பது என்று விளக்கி விவாதித்தால் போதும். தேர்வாளரும் அதைத்தான் கேட்பார். நீங்களும் அதைத்தான் படிப்பீர்கள். மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-ல் திறமையை நான்கு படிகளாகப் பிரித்தார். ஒன்றைத் தெரிந்திருப்பது முதல் படி. எப்படிச் செய்வது என்று தெரிந்திருப்பது இரண்டாவது. செய்து காட்டுவது மூன்றாவது. தினசரி வேலையில் உண்மையாகவே செய்வது நான்காவது. உங்கள் வகுப்பு இரண்டாவது படியில் நிற்கிறது. மிச்ச இரண்டும் காசுவால்டியில்தான் ஏற முடியும். ஆனால் ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் காசுவால்டிக்கென்று ஒதுக்கியிருப்பது 2 வாரம், பொது மருத்துவத்துக்கு 6 வாரம். அந்த வாரங்கள் ரத்தம் எடுப்பதிலும் ரிப்போர்ட் வாங்கி வருவதிலும் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்தான் தவறு செய்வார் என்றும் நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 2009-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் மருத்துவமனை மருந்துக் குறிப்புகள் 1,24,260-ஐ ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 8.9 சதவீதத்தில் பிழை இருந்தது. முதலாண்டு டாக்டர்களிடம் 8.4 சதவீதம், இரண்டாம் ஆண்டு டாக்டர்களிடம் 10.3 சதவீதம். ஓரளவு பழகியவரிடம்தான் பிழை கூடியிருக்கிறது. அந்தப் பிழைகளில் ஏறக்குறைய எல்லாமே நோயாளியைப் பாதிக்கும் முன்பே பிடிபட்டன. பிடித்தவர்களில் மருந்தாளுநர்களும் நர்சுகளும் முக்கியமானவர்கள். ஆகவே சேர்ந்த முதல் நாளே வார்டு சிஸ்டரிடமும் மருந்தகத்திலும் நல்லபடியாகப் பேசிப் பழகுங்கள். 'இந்த அளவு சரியா சிஸ்டர்' என்று கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது இது: எல்லா மருந்துக்கும் நீங்கள் ஒரே அளவு பயத்தை வைத்திருக்கிறீர்கள். ஆஸ்பிரின் அட்டையைக் கையில் எடுக்கும்போதும் அதே பயம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி மருந்துக் குப்பியை எடுக்கும்போதும் அதே பயம். எந்த மருந்துக்கு எவ்வளவு பயம், எந்த இடத்தில் பயம் என்று பிரித்துக்கொள்ளத் தெரிந்தால் கை தானாக ஓடும். என் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்.

ஆஸ்பிரினுக்குக் கொஞ்சம் பயம் போதும். 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகள் இருந்தார்கள். வெறும் 162.5 மி.கி. ஆஸ்பிரினைத் தினமும் கொடுத்ததிலேயே 5 வார இறப்பு 23 சதவீதம் குறைந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் கொடுத்தவர்களிடம் 25 சதவீதம், இரண்டும் சேர்த்துக் கொடுத்தவர்களிடம் 42 சதவீதம் குறைந்தது. சில பைசா மாத்திரை, விலை அதிகமான ஊசிக்குச் சமமாக நின்றிருக்கிறது. நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் ஆஸ்பிரின் அட்டை வயிற்றில் கரையாமல் குடலில் கரையும்படி பூச்சு போட்டது. அதனால்தான் மெல்லச் சொல்கிறோம். முழுதாக விழுங்கினால் வேலை தொடங்கத் தாமதமாகும்.

குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் இரண்டிலும் உங்களைத் தடுத்தது மருந்தியல் அல்ல, கணக்கு. புத்தகத்தில் 300 மி.கி. என்று படித்தீர்கள், அட்டையில் 75 என்று போட்டிருக்கிறது. மாமாவுக்குக் கொடுத்த அந்த ஒரு பிடி மாத்திரை என்ன தெரியுமா? தமிழக அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் துணை சுகாதார நிலையங்களுக்கும் கொடுத்த லோடிங் டோஸ் இப்படி: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. மொத்தம் 14 மாத்திரை. இனி மறக்க மாட்டீர்கள். நீங்கள் வேலை செய்யப்போகும் வார்டில் அடோர்வா 40 அட்டை இருந்தால் எட்டு இரண்டாகிவிடும். ஆகவே எந்த அட்டை இருக்கிறது என்று பார்க்காமல் எண்ணிக்கையை வாயால் சொல்லாதீர்கள், மி.கி. சொல்லுங்கள், பிறகு எண்ணிக்கை.

குளோபிடோக்ரெலில் ஒரே ஒரு இடத்தில் நின்று யோசியுங்கள். ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து கொடுக்கப்போகிற நோயாளிக்கு 75 வயது தாண்டியிருந்தால் 300 வேண்டாம், 75 மட்டும். நேராக ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் போகிறவருக்கு 600 என்பார்கள், அல்லது அதே வேலை செய்யும் டைகாக்ரெலார் 180 என்பார்கள். அது கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் கூடம்) டாக்டர் சொல்ல வேண்டியது. நீங்களாக டைகாக்ரெலாரை ஆரம்பித்துவிட்டு அப்புறம் கட்டி கரைக்கும் மருந்துக்குப் போகும் நிலைமையை உண்டாக்காதீர்கள்.

நைட்ரேட் வகை மாத்திரையான சார்பிட்ரேட்டுக்குத்தான் யாரும் போதுமான பயம் வைத்திருப்பதில்லை. ஊரில் நெஞ்சுவலி என்றாலே 'நாக்குக்கு அடியில் வை' என்று யாராவது சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். அது வலியைக் குறைக்கும், உயிரைக் காப்பாற்றியதாக நிரூபணம் இல்லை. 1995-ல் ஐசிஸ்-4 என்ற ஆய்வு 58,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தது. நைட்ரேட் மாத்திரையால் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. கெடுதல் எங்கே வருகிறது என்றால், இதயத்தின் கீழ்ப்பகுதி மாரடைப்பில் வலது கீழறையும் சேர்ந்து அடிபட்டிருக்கும்போது. அந்த அறை, உடலிலிருந்து திரும்பி வரும் ரத்தத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும். நைட்ரேட் சிரைகளை விரித்து அந்த வரவைக் குறைத்துவிடும். பிபி சட்டென்று சரியும். அதனால் ஈசிஜியில் இதயத்தின் கீழ்ப்பகுதியைக் காட்டும் லீட் 2, 3, ஏவிஎஃப்பில் எஸ்டி என்ற கோட்டுப்பகுதி ஏறியிருந்தால், வலப்பக்க நெஞ்சில் வைக்கும் வி4ஆர் லீடைப் பார்க்காமல் சார்பிட்ரேட் எழுதாதீர்கள். மேல் பிபி 90-க்குக் கீழே என்றாலும் எழுதாதீர்கள். கேட்கக் கூச்சப்பட்டாலும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் 24 மணி நேரத்துக்குள், டடாலாஃபில் 48 மணி நேரத்துக்குள் எடுத்தாரா? மனைவி, பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. 'ஈசிஜி எடுக்கணும், கொஞ்சம் வெளியே இருங்க' என்று அவர்களை அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

ஸ்ட்ரெப்டோகைனேஸுக்கு வருவோம், வார்டில் எஸ்டிகே என்பார்கள். இதற்குப் பயம் வேண்டும். ஆனால் அந்தப் பயம் ஈசிஜிக்கும் ஊசிக்கும் நடுவே சில நிமிடங்களில் கேட்டு முடிக்கிற கேள்விகளாக மாற வேண்டும். 'பெரிய டாக்டர் வரட்டும்' என்று அரை மணி நேரம் உட்காருவதாக மாறக் கூடாது. நேரம் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1996-ல் லான்செட் இதழில் வந்தது. வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்தால் 1,000 பேருக்கு 65 உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது. இரண்டாவது மணி நேரத்தில் 37. மூன்றாவது மணி நேரத்தில் 26. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். பனி மூட்டமோ, மே மாதக் கோடை விழாக் கூட்டமோ இருந்தால் சொல்லவே வேண்டாம். அந்த 65-க்கும் 37-க்கும் இடைப்பட்டவர்கள் அந்த ரோட்டில்தான் இருக்கிறார்கள்.

முதல் கேள்வி ஈசிஜியைப் பார்த்து: எஸ்டி உண்மையாகவே ஏறியிருக்கிறதா? இறங்கியிருந்தால் எஸ்டிகே கிடையாது, அதில் பயன் இல்லை, ரத்தக்கசிவு ஆபத்து மட்டும் மிஞ்சும். வலி தொடங்கி 12 மணி நேரம் தாண்டவில்லையே? பிறகு நோயாளியிடமும் வீட்டாரிடமும்: எப்போதாவது மூளையில் ரத்தம் கசிந்ததா? கடந்த 6 மாதத்தில் பக்கவாதம் வந்ததா? அண்மையில் தலையில் அடி, பெரிய ஆபரேஷன் ஏதாவது? மூளையில் கட்டி? இப்போது எங்காவது ரத்தம் போகிறதா? (மாதவிடாய் ரத்தப்போக்கு தடை இல்லை. இதற்காக ஊசியை நிறுத்தி வைப்பவர்கள் உண்டு, வேண்டாம்.) வலி கிழிப்பதுபோல முதுகுக்குப் போகிறதா, இரண்டு கையிலும் பிபி வித்தியாசமாக இருக்கிறதா? அப்படியானால் அது பெருந்தமனி கிழிசலாக இருக்கலாம். அதில் எஸ்டிகே கொடுப்பது ஆளைக் கொல்லும். பிபி 180/110-க்கு மேல் இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும். முன்பு எப்போதாவது எஸ்டிகே போட்டதுண்டா? போட்டிருந்தால் உடலில் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கும், மறுபடி அதே மருந்து வேண்டாம், கட்டி கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டெப்ளேஸ் பற்றிக் கேளுங்கள். இவ்வளவும் பழகினால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், 'இல்லை' என்ற பதிலையும் சேர்த்து.

அளவு 15 லட்சம் யூனிட், 100 மி.லி. நார்மல் சலைனில், 30 முதல் 60 நிமிடம். ஏழரை லட்சம் குப்பியும் உண்டு, லேபிளைப் படியுங்கள். கரைக்கும்போது குலுக்கினால் நுரைத்துக்கொள்ளும், மெதுவாக உருட்ட வேண்டும். இதை எந்தத் தேர்விலும் கேட்க மாட்டார்கள், ஒரு நல்ல சிஸ்டர் சொல்லித் தருவார். ஓட ஆரம்பித்ததும் நகராதீர்கள். 5 நிமிடத்துக்கு ஒரு முறை பிபி. சரிந்தால் சொட்டை மெதுவாக்கு அல்லது நிறுத்து, காலைத் தூக்கு, சலைன் கொடு, பெரியவரைக் கூப்பிடு. பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், அப்புறம் மெதுவாகத் தொடரலாம். நடுவில் நாடித் துடிப்பு விதம்விதமாக மாறும். மானிட்டரைப் பார்த்துப் பதறாமல், பக்கத்தில் டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) தயாராக இருக்கிறதா என்று பாருங்கள். 60 முதல் 90 நிமிடத்தில் ஈசிஜியைத் திரும்ப எடுங்கள். ஏறிய எஸ்டி பாதிக்கு மேல் இறங்கவில்லை, வலியும் போகவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை. அவர் உடனே கேத் லேபுக்குப் போக வேண்டும். இறங்கியிருந்தாலும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் பார்ப்பது நல்லது.

டெனெக்டெப்ளேஸ் என்றால் எடை தெரியாமல் எழுத முடியாது. 60 கிலோவுக்குக் கீழே 30 மி.கி., அதற்குமேல் ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 5 கூடி, 90 கிலோவும் அதற்கு மேலும் 50 மி.கி. ஒரே தள்ளில். 75 வயது தாண்டியவருக்குப் பாதி. நெஞ்சுவலிக்காரரை எடை மெஷினில் ஏற்றி நிற்க வைக்காதீர்கள், கேட்டு எழுதுங்கள்.

பக்கத்திலேயே கேத் லேப் இருந்து, 120 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க முடியும் என்றால் ஆஞ்சியோபிளாஸ்டிதான் மேல். முடியாத இடத்தில் முதலில் கரைத்துவிட்டு அப்புறம் அனுப்புவது. நம் மாநிலத்திலேயே சிறிய மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள மருத்துவமனைகளையும் கோத்து இந்த முறையைச் செய்து பார்த்தார்கள். 2017-ல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்த அந்த ஆய்வில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாட்டு நோயாளிகளிடமே கிடைத்த கணக்கு இது. மலையில் வேலை செய்யப்போகிற டாக்டருக்கு இதைவிட நெருக்கமான ஆதாரம் கிடையாது.

செய்யக் கூடாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு இடுப்பில் டைக்ளோஃபினாக் ஊசி போடாதீர்கள். அந்த வகை வலி மருந்து மாரடைப்பில் கெடுதல். தசையில் குத்திய இடத்தில், எஸ்டிகே போட்ட பிறகு ரத்தம் கட்டிக்கொள்ளும். இன்னொன்று, ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே போகாதவருக்கு மாஸ்க் மாட்ட வேண்டியதில்லை. ஸ்வீடனில் 6,600 பேருக்கு மேல் பார்த்து 2017-ல் சொன்னார்கள், அதனால் பயன் இல்லை என்று.

எப்படித் தயாராவது என்பதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, செய்ய வேண்டியதுதான் நிறைய. ஒரு வெள்ளைத் தாளில், போனைப் பார்க்காமல், 58 வயது 64 கிலோ நோயாளிக்கு முழு மருந்துக் குறிப்பு எழுதுங்கள். பெயர், அளவு, வழி, நேரம், கையெழுத்து. பிறகு அவரையே 80 வயது ஆக்கி எழுதுங்கள். பிறகு பிபியை 84 ஆக்குங்கள். எங்கெங்கே பேனா நிற்கிறது என்று பார்த்தால் எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஹாஸ்டலில் ஒருவர் நோயாளி, ஒருவர் சிஸ்டர், ஒருவர் டாக்டர் என்று நடித்துப் பாருங்கள். கடிகாரம் வைத்து, வந்ததிலிருந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் படித்தாக வேண்டும். காசுவால்டியில் எமர்ஜென்சி டிரேயைத் திறந்து எது எந்த அட்டையில் இருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள். யாருக்காவது எஸ்டிகே ஓடும்போது, வேறு வேலை இருந்தாலும் அனுமதி கேட்டு, முழு ஒரு மணி நேரமும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு முறையாவது பாருங்கள்.

பி.ஜி.யிடமோ (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) அசிஸ்டென்ட்டிடமோ போனில் சொல்வதையும் பழக வேண்டும். பயத்தில் பேசுகிறவர் 'சார், ஒரு செஸ்ட் பெயின் வந்திருக்கு, என்ன செய்யறது' என்பார். மறுமுனையில் தூங்கி எழுந்தவருக்கு ஒன்றும் புரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'சார், 56 வயது ஆண், சர்க்கரை இருக்கு. வலி ஒன்பதரைக்கு ஆரம்பம், இப்ப பத்தே முக்கால். 2, 3, ஏவிஎஃப்ல எஸ்டி ஏறியிருக்கு, வி4ஆர்லயும் இருக்கு. பிபி 100/70, நாடி 58. பக்கவாதம், ரத்தக்கசிவு, ஆபரேஷன் எதுவும் இல்லை. ஆஸ்பிரின் 300, குளோபிடோக்ரெல் 300, அடோர்வா 80 கொடுத்தாச்சு. நைட்ரேட் கொடுக்கல. லைசிஸ் தொடங்கலாமா சார்? ஈசிஜி அனுப்பியிருக்கேன்.' (லைசிஸ் என்றால் ரத்தக்கட்டியைக் கரைப்பது.) அரை நிமிடம்தான் ஆகும். பதில் ஒரே வார்த்தையில் வந்துவிடும். அவர் சொன்னதைத் திரும்ப ஒரு முறை சொல்லி உறுதி செய்துகொண்டு, யார் சொன்னார், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். ஹவுஸ் சர்ஜனுக்கு இருப்பது தற்காலிகப் பதிவு. மேலே இருப்பவரின் மேற்பார்வையில்தான் எழுதுகிறீர்கள், அதை ஒரு பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு இடத்தில் இளம் டாக்டர்கள் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அதை எந்தப் புத்தகமும் தயார் செய்யாது. மருந்தெல்லாம் தயார், கேள்வியெல்லாம் முடிந்தது, கையெழுத்து கேட்கிறீர்கள். 'பெரிய அண்ணன் ஆத்தூரிலிருந்து வந்துகிட்டிருக்கார், அவர் வந்து பேசட்டும்' என்பார்கள். ஆத்தூரிலிருந்து அவர் வர ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் கோபப்பட்டால் இன்னும் பின்வாங்குவார்கள். மருந்தின் பெயரெல்லாம் சொல்லிக் குழப்பவும் வேண்டாம். மனைவியையோ மகனையோ தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள்: 'அம்மா, இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. இந்த மருந்து அடைப்பைக் கரைக்கும். நூத்துல ஒருத்தருக்கு, சில சமயம் அதுக்கும் குறைவா, மூளையில ரத்தம் கசியலாம், அது பெரிய ஆபத்துதான். போடாம காத்திருந்தா இதயத் தசை செத்துக்கிட்டே போகும், அந்த ஆபத்து அதைவிடப் பெரிசு. உங்க வீட்டுக்காரர் முழிச்சுத்தான் இருக்கார், அவர்கிட்டயும் கேட்டுக்கறேன். அண்ணன்கிட்ட போன்ல நானே பேசறேன், நம்பர் குடுங்க.' அந்த அண்ணனிடம் நேரே பேசிவிட்டால் பாதி வீடுகளில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நோயாளி சுயநினைவோடு இருக்கிறார் என்றால் சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பதையும் மறக்காதீர்கள். நம் வழக்கத்தில் அவரை மட்டும் விட்டுவிட்டு ஊரையே கேட்டுக்கொண்டிருப்போம்.

பெண்களும் சர்க்கரை நோயாளிகளும் பல நேரம் 'நெஞ்சு வலிக்குது' என்று சொல்லவே மாட்டார்கள். மேல்வயிறு எரிச்சல், தாடை வலி, மூச்சு வாங்குது, 'ஒரு மாதிரியா இருக்கு' என்பார்கள். தோட்டத்தில் நாள் முழுக்கக் காபிப் பழம் பறித்துவிட்டு வந்த அம்மா 'அசதி' என்று சொன்னால், வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள், ஒரு ஈசிஜி எடுங்கள். முதல் ஈசிஜி சாதாரணமாக இருந்தால் 15 முதல் 30 நிமிடத்தில் இன்னொன்று. கேஸ் ஊசி போட்டு அனுப்பிவிட வேண்டாம்.

கடைசியாக, வீட்டில் லோடிங் டோஸ். வேண்டாம் தம்பி. ஆஸ்பிரின் மட்டும் வைத்திருங்கள், காலாவதித் தேதி பார்த்து. குளோபிடோக்ரெல் ஈசிஜி பார்த்த பிறகு கொடுக்க வேண்டியது. பெருந்தமனி கிழிசலுக்கோ வயிற்றுப் புண் ரத்தக்கசிவுக்கோ அதைக் கொடுத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதன் வேலை நாள்கணக்கில் நிற்கும். சார்பிட்ரேட்டை அக்கம்பக்கத்தில் கொடுத்து வைக்கவே வைக்காதீர்கள். அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உங்கள் தோட்டத்தில் இருக்கிறது. 108-க்குப் போன் செய்தால் எந்த வளைவில் திரும்பி, எந்தக் கேட் வழியாக வர வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் ஒவ்வொரு லைன் வீட்டிலும் ஒருவர் இருக்க வேண்டும். அந்த வழியை எழுதி, போன் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் தோட்டத்து ஜீப்பில் ஏற்றலாம். நோயாளியை நடக்க விடாமல் நாற்காலியோடு தூக்கி ஏற்றுங்கள். ஏற்றியதும் எல்லோரும் 'நேரா சேலத்துக்கு விடு' என்பார்கள். அதை நீங்கள் ஒத்துக்கொள்ளாதீர்கள். 20 வளைவு இறங்கும்போது வண்டியில் மானிட்டரும் இருக்காது, டிஃபிப்ரிலேட்டரும் இருக்காது. முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனை வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே ஈசிஜி எடுத்து, மாத்திரை கொடுத்து, கீழே இருக்கும் டாக்டரிடம் பேசி முடித்த பிறகு 108 வண்டியிலேயே மலை இறங்கட்டும்.